நடு உறுப்பை உடைக்கும் விதம்

வட்டக்கச்சியில் என் பின்னேர வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். அதனால் இருபடிக் கோவையை வயலிலிருந்தே தொடங்குவேன். சதுரப் பாத்தி ஒன்றின் பக்கம் ப மீற்றர். நீளத்தை 4 மீற்றரும் அகலத்தை 3 மீற்றரும் கூட்டி வரம்பு கட்டினால் பரப்பளவு (ப + 4)(ப + 3), அதாவது ப² + 7ப + 12. பரப்பளவு மட்டும் தெரியும்போது நீளத்தையும் அகலத்தையும் தேடிப்போவதே காரணிப்படுத்தல்.

பெருக்கினால் 12 தரும் சோடிகள் (1, 12), (2, 6), (3, 4). கூட்டினால் 7 வருவது கடைசிச் சோடி. இவற்றை மனதுக்குள் தேடாமல் தாளின் ஓரத்தில் எழுதுங்கள்.

எல்லா உறுப்புகளுக்கும் பொதுக் காரணி இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

ப²இன் குணகம், அதாவது அதன் முன் நிற்கும் எண், 1 இல்லாதபோதுதான் பிள்ளைகள் கலங்குகிறார்கள். 3ப² − 10ப + 8ஐ எடுப்போம். முதற் குணகத்தையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் 24. பெருக்கம் 24, கூட்டுத்தொகை −10 வரும் இரண்டு எண்களைத் தேடுகிறோம். பெருக்கம் நேர், கூட்டுத்தொகை மறை என்பதால் இரண்டு எண்களும் மறை எண்களே: −6, −4. நடு உறுப்பான −10பஐ இவற்றால் உடைப்போம்:

3ப² − 6ப − 4ப + 8
= 3ப(ப − 2) − 4(ப − 2)
= (ப − 2)(3ப − 4)

இரண்டாவது வரியில் நிதானம் வேண்டும். −4ஐ வெளியே எடுத்தால் +8 உள்ளே −2 ஆகிறது. அங்கே (ப + 2) என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி திருத்தும் பிழை. போன கிழமை ஒரு தங்கச்சி, அடைப்புகள் பொருந்தவில்லை என்று முழுக் கணக்கையும் மூன்று தரம் அழித்து அழித்து எழுதினாள், தாளே கிழிந்துவிட்டது. அவள் எடுத்த சோடி சரி. ஒரேயொரு குறிதான் மாறவேண்டியிருந்தது. அடைப்புகள் இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலில் அந்த வரியின் குறிகளைப் பாருங்கள். சோடியை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள்.

2ப² + 6ப + ப + 3 போன்றவற்றில் பின்பாதிக்குப் பொதுக் காரணி இல்லையென்று தோன்றும். 1 இருக்கிறது: 2ப(ப + 3) + 1(ப + 3). அந்த 1ஐ எழுதாமல் விட்டால் (2ப + 1) கிடைக்காது.

விடையைச் சரிபார்க்க ப = 10 என்று இடுங்கள். முதலில் செய்த 3ப² − 10ப + 8இல் 300 − 100 + 8 = 208; காரணிகளில் 8 × 26 = 208. பரீட்சையில் அரை நிமிடம் கூட ஆகாது, கட்டாயம் செய்யுங்கள்.

இனி 6ப² − ப − 12ஐ நீங்களே செய்யுங்கள். ப = 10 என்றால் இரு பக்கமும் 578 வரவேண்டும்.