அணில் தள்ளாடினால் முதலில் என்ன செய்வது

வேலியோரம் ஓர் அணில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்ததை முதன்முதலாகப் பார்த்தபோது, விளையாடுகிறது என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்கால்கள் மட்டும் தண்ணீரில் நீந்துவதுபோல் அசைந்துகொண்டிருந்தன. மதியத்துக்குள் இறந்துவிட்டது. அந்த ஒரு இரவு இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அன்றிலிருந்து சமையலறை ஜன்னலோரம் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன். அடிபட்ட அணில்களைப் பெட்டியில் எடுத்துப்போய் வனவிலங்கு மீட்பு மையத்தில் ஒப்படைப்பதையும் ஒரு வேலையாகவே செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவர் கைக்குப் போகும்வரை உள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில், எது நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். குட்டி அணில்கள் ஓடிவந்து, எகிறி, நடு ஆகாயத்தில் உடம்பை முறுக்கிக்கொண்டு விழும், புல்லில் புரளும். பார்த்தால் வலிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் அது விளையாட்டு. வெயில் நேரத்தில் நான்கு காலையும் பரப்பி வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுப்பது உடல் சூட்டைத் தணிப்பதற்கு. பருந்து வட்டமிட்டால் மரத்தோடு மரமாகச் சில நிமிஷம் அசையாமல் இருக்கும். உண்ணித் தொல்லை இருந்தால் திடீரென்று துள்ளித் துள்ளிச் சொறியும். சந்தேகமாக இருந்தால் அது மரம் ஏறும்வரை காத்திருங்கள். நல்ல அணில் நேராக ஏறும், கிளை தாவும்போது குறி தவறாது. மூளையிலோ காதிலோ கோளாறு உள்ள அணில் ஏறவே தயங்கும்; ஏறினாலும் சறுக்கும். மனிதர் பக்கத்தில் போயும் ஓடாமல் நிற்கிற அணில், வழக்கமாகக் கையருகே வந்து சாப்பிடுகிற அணிலாக இல்லாவிட்டால், பெரும்பாலும் சுகமில்லாத அணில்தான்.

சரி, சுகமில்லை என்று தெரிந்துவிட்டது. கிட்டே போவதற்கு முன்னால் தூரத்திலிருந்தே போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள். நீங்கள் நெருங்கியதும் அணில் பயத்தில் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எதுவும் தெரியாது. வீடியோவில் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கமாக வட்டமடிக்கிறது என்பது தெரிய வேண்டும். கண்கள் பக்கவாட்டில் விடாமல் துடிக்கின்றனவா, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவா, பின்னங்கால் ஒன்று இழுக்கிறதா இரண்டுமா, மூக்கிலோ காதிலோ ரத்தம் இருக்கிறதா, எச்சில் வழிகிறதா என்று பாருங்கள். வலிப்பு வந்தால் எத்தனை விநாடி நீடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு சுற்றுப்புறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மேலே கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் சாலை, பூனை, செத்த எலி, யாரோ வைத்த விஷக்கட்டி. இந்தப் பார்வைதான் பல நேரம் விடை சொல்லும்.

ஏன் இவ்வளவு விவரம் கேட்கிறேன் என்றால், அறிகுறியை வைத்துப் பழுது எந்த இடத்தில் என்று ஊகிக்கலாம், என்ன காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலை சாய்ந்து, கண் துடித்து, ஒரு பக்கமாக உருள்கிறது என்றால் உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காதிலோ மூளைத்தண்டிலோ சிக்கல். அது காதுச் சீழாகவும் இருக்கலாம், தலையில் பட்ட அடியாகவும் இருக்கலாம், மூளைக்குள் நுழைந்த புழுவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் அணில் ஒரே மாதிரிதான் சாயும். அதனால் படத்தைப் பார்த்து ‘இது இந்த நோய்’ என்று உறுதியாகச் சொல்கிறவர்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

என் நோட்டில் அதிகம் இருப்பது அடிதான். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று இப்படி என்றால் முதலில் அதைத்தான் நினைப்பேன். கிளையிலிருந்து விழுந்திருக்கும், வண்டி இடித்திருக்கும், பூனை கவ்வியிருக்கும். பூனைப் பல் பட்ட காயம் ஊசி முனையளவு இருந்தாலும் ஆபத்து. அதன் வாயிலுள்ள கிருமிகள் வேகமாகப் பரவும், நேரம் கடத்தாமல் ஆன்டிபயாடிக் வேண்டும். தலையில் அடிபட்டவை சில, இருட்டும் அமைதியும் கிடைத்தாலே மெல்லத் தேறுகின்றன. மீட்பு மையத்தில் அப்படி ஓர் அணிலைப் பல நாள் பார்த்தேன். தலை வலப்பக்கம் ஏறக்குறைய தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் கிடந்த விதையை எடுக்கக் கை நீட்டும். விரல் விதைக்கு ஒரு நெல் தூரம் தள்ளி வெறுந்தரையைப் பிடிக்கும். பிடித்ததாகவே நினைத்து வாய்க்குக் கொண்டுபோகும். ஐந்தாம் நாள் முதல்முறையாக விதை கைக்குள் வந்தது. அதை இரண்டு கையாலும் சுழற்றி உரித்தபோது நாங்கள் யாரும் மூச்சுகூட விடவில்லை.

அடுத்தது விஷம். எலிக்கு வைப்பதை அணிலும் தின்னும். ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷமென்றால் ஈறு வெளுத்து, சோர்ந்து விழும். ரத்தக்கசிவு மூளையில் நடந்தால் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். புரோமெத்தலின் என்ற இன்னொரு வகை எலிவிஷம் நேராக மூளையை வீங்க வைக்கும்; பின்னங்கால் துவண்டு, நடுங்கி, வலிப்பு வரும். அதற்கு மாற்று மருந்தே இல்லை. எச்சில் ஒழுகி, உடம்பெல்லாம் துடித்து, கண்மணி புள்ளியாகச் சுருங்கியிருந்தால் பூச்சிக்கொல்லியைச் சந்தேகியுங்கள். விஷத்தின் அட்டையோ பாக்கெட்டோ கிடைத்தால் அதைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். வைத்தியத்தின் திசையையே மாற்றக்கூடிய தகவல் அது.

ரக்கூன் (கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கறுப்புப் பட்டை உள்ள வட அமெரிக்க விலங்கு) வாழும் வட்டாரங்களில் இன்னொன்றும் உண்டு. ரக்கூனின் குடலில் வாழும் உருளைப்புழு அதற்குப் பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் அதன் முட்டையை அணில் விழுங்கிவிட்டால், பொரிந்த புழு உடம்புக்குள் அலைந்து மூளைக்குப் போய்விடும். ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும். அதிலுள்ள செரிக்காத விதைகளைத் தேடித்தான் அணில் அங்கே போகிறது. முதலில் லேசாகத் தலை சாயும், அப்புறம் வட்டமடிக்கும், கடைசியில் உருளும். இப்படி நாளுக்கு நாள் மோசமாவதுதான் இதன் போக்கு. இந்த முட்டை மனிதருக்கும் ஆபத்து, மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு மிகவும். புது மலத்திலுள்ள முட்டை உடனே தொற்றாது, அதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதனால் பார்த்தவுடன் சுத்தம் செய்துவிடுங்கள். பிளீச்சிங்குக்கு அது சாகாது, கொதிநீர்தான் கொல்லும்.

நாமே உண்டாக்கும் காரணம் ஒன்று இருக்கிறது, கால்சியம் குறைபாடு. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, மக்காச்சோளம் மூன்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே தின்று வளர்ந்தால், குறிப்பாகக் கையில் எடுத்து வளர்த்த குட்டிகளுக்கு, எலும்பு பஞ்சாகிவிடும். பின்னங்காலை இழுக்கும், கை நடுங்கும், வலிப்பு வரும். அன்போடு கொடுத்ததே அதன் காலை முடக்கியது என்று ஒருவரிடம் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நேரத்தோடு கண்டால் இதைச் சரிசெய்யலாம். அதனால் ‘இந்த அணிலுக்கு வழக்கமாக என்ன தீனி போட்டீர்கள்’ என்று மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெறிநோய் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அணில் போன்ற சிறு கொறிணிகளில் ரேபிஸ் காணப்படுவது மிக மிக அரிது. பயந்து அடித்துக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையால் தொடவும் கூடாது. 2011-க்கும் 2013-க்கும் இடையில் ஜெர்மனியில் அயல்நாட்டு அணில் இனம் ஒன்றை வளர்த்த மூன்று பேர் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள்; அணிலிடமிருந்து வந்த போர்னா வகை வைரஸ்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை அணிலை விட்டுவிடவோ புதைக்கவோ வேண்டாம்.

இனி பிடிப்பது. அட்டைப்பெட்டியில் முன்கூட்டியே துளை போட்டு, அடியில் நூல் பிரியாத பழைய துணி விரித்து வையுங்கள். சுருள் நூல் துவாலை வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, பின்பக்கமாக வந்து அணில் முழுவதையும் ஒரு துணியால் மூடி, துணியோடு அள்ளிப் பெட்டிக்குள் வையுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். வலிப்பு நடந்துகொண்டிருந்தால் பிடித்து அமுக்காதீர்கள். பக்கத்திலுள்ள கல்லையும் கட்டையையும் நகர்த்திவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து எடுங்கள். உருளுகிற அணிலுக்கு இருபுறமும் சுருட்டிய துணியை அணைகொடுத்தால் கொஞ்சம் அடங்கும்.

உடம்பு ஜில்லென்று இருந்தால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டியின் பாதிக்கு அடியில் வையுங்கள், சுடும்போது அணில் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். நகரவே முடியாத அணிலுக்கும் தலையில் அடிபட்டதற்கும் அந்த வெப்பம் மிதமாகவே இருக்கட்டும். மூடியை மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்துவிட்டுப் போனை எடுங்கள். காட்டு விலங்கைக் கையில் வைத்திருப்பதற்கு இடத்துக்கு இடம் சட்டம் வேறுபடும். அதனால் வனத்துறையையோ மீட்பு மையத்தையோ வனவிலங்கு பார்க்கும் கால்நடை மருத்துவரையோ உடனே கூப்பிடுவதே முறை.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். பால் வேண்டாம், நமக்கு வாங்கிய வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டாம்.

ஒப்படைத்துவிட்டு வந்தபின், தீனித் தட்டை இரண்டு வாரத்துக்கு எடுத்துவிடுங்கள். தொற்றாக இருந்தால் மற்ற அணில்கள் அங்கே கூடுவது குறையும். துணியைக் கொதிநீரில் போட்டெடுங்கள், அட்டைப்பெட்டியை எரித்துவிடுங்கள். வீடியோ எடுத்த நேரத்தையும், சாய்ந்த பக்கத்தையும், கிடந்த இடத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். அதே மாதத்தில் அதே மரத்தடியில் இரண்டாவது அணிலும் சாய்ந்தால், மையத்தார் முதலில் கேட்கப்போவது நோட்டின் அந்தப் பக்கத்தைத்தான்.