சொந்தமாக வெளியிட்ட மின்னூலுக்கு இணையத்தில் வாசகரைச் சேர்ப்பது எப்படி?

மின்னூலைச் சொந்தமாக வெளியிடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்த நூல் எங்கெங்கே கிடைக்க வேண்டும் என்பதைத்தான். அமேசானில் எழுத்தாளர்களே தங்கள் நூல்களை வெளியிட உதவும் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) தளத்தின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்க்கப்படும் நூலின் மின்வடிவத்தை, 90 நாட்களுக்கு வேறு எங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. எழுத்தாளரின் சொந்த இணையதளத்துக்கும் இந்தத் தடை பொருந்தும். மாதிரியாக 10 விழுக்காடு வரை மட்டும் வெளியிடலாம். இதற்கு ஈடாக, கிண்டில் அன்லிமிடெட் என்ற அமேசானின் மின்னூல் வாசிப்புச் சேவையின் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கேற்பத் தொகை கிடைப்பதோடு, அந்த 90 நாட்களுக்குள் 5 நாட்கள் வரை நூலை இலவசமாகவும் வழங்கலாம். தேடுபொறி வழியாக வாசகரைத் தன் தளத்துக்கு அழைத்து, நூலின் அத்தியாயங்களை அங்கேயே படிக்கக் கொடுக்க எண்ணுபவருக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது. தொடர்கதையோ துப்பறியும் நாவலோ எழுதுபவர் இதில் சேரலாம் என்பது என் கருத்து. சேர்ந்த பிறகு மனம் மாறினால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்த மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த 90 நாட்களுக்கும் அதே கட்டுப்பாடு தொடரும்.

அடுத்து, நூல் விற்கப்படும் பக்கத்தைச் சீராக்க வேண்டும். முன்னட்டையைக் கைப்பேசித் திரையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது என்றால் அட்டையை மாற்றிவிடுவது நல்லது. கேடிபியில் குறிச்சொற்களுக்கென 7 கட்டங்கள் உண்டு. நூலின் பெயரிலேயே இருக்கும் சொற்களை அவற்றில் மறுபடியும் நிரப்பாமல், வாசகர் தேடும்போது தட்டச்சு செய்யக்கூடிய சொற்றொடர்களை இடுங்கள். இலவச மாதிரி நூலின் தொடக்கத்திலிருந்தே எடுக்கப்படுவதால், நீண்ட நன்றியுரையையும் அணிந்துரைகளையும் கடைசிப் பக்கங்களுக்கு நகர்த்திவிடலாம். நண்பர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் வாங்கலாமா என்று புரட்டிப் பார்ப்பவருக்கு முதல் அத்தியாயம் உடனே கண்ணில் பட வேண்டும்.

இணையதளத்துக்கு ஆட்களை வரவழைப்பது இதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. “என் நூல் வெளிவந்துவிட்டது” என்ற அறிவிப்பைத் தேடி எவரும் வருவதில்லை. தங்களுக்கு ஒரு சந்தேகம் எழும்போதுதான் தேடுகிறார்கள். தேனீ வளர்ப்பு பற்றி நூல் எழுதியவர், தேன்பெட்டியில் எறும்பு ஏறாமல் தடுப்பது எப்படி என்ற ஒரே கேள்விக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, பெட்டியைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது முதல் அந்த நீரை அவ்வப்போது மாற்றுவது வரை முழுமையாக விளக்கலாம். பாதி விடையைச் சொல்லிவிட்டு, மீதியை நூலில் காண்க என்று நிறுத்தினால் வந்தவர் எரிச்சலுடன் வெளியேறுவார். முழு விடையும் கிடைத்தவரே, இவர் எழுதிய நூலில் இன்னும் என்னென்ன இருக்கும் என்று இணைப்பைச் சொடுக்குவார். பக்கத்தின் தலைப்பில் அந்தக் கேள்வியின் சொற்களே இருக்கட்டும். இத்தகைய பக்கங்களை ஒன்றோடொன்று இணைப்பதும், படங்களின் கோப்பளவைக் குறைத்துப் பக்கம் விரைவாகத் திறக்கச் செய்வதும் உதவும்.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்துகொண்டால், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற விவரங்கள் தெரியவரும். பலமுறை காட்டப்பட்டும் சொடுக்கப்படாத பக்கத்துக்குத் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் எதிர்பாராத கேள்விக்கு ஒரு பக்கம் காட்டப்பட்டால், அந்தக் கேள்விக்கெனப் புதிய பக்கம் எழுதலாம். அடுத்த நூலுக்கான பொருளே சில நேரம் இங்கிருந்து கிடைத்துவிடும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரமாட்டார்கள் என்பதால், அவர்கள் விரும்பினால் மின்னஞ்சல் முகவரியைத் தர ஒரு படிவம் வையுங்கள். பதிலுக்கு ஒரு சிறுகதையையோ செய்முறைப் பட்டியலையோ இலவசமாகக் கொடுக்கலாம். ஒப்புதல் பெறாத முகவரிகளைச் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் பட்டியலிலிருந்து விலகும் வழியைக் காட்ட வேண்டும். இந்தப் படிவத்துக்கான இணைப்பை மின்னூலின் கடைசி அத்தியாயம் முடிந்த இடத்திலேயே கொடுப்பது நல்ல பலன் தரும், ஏனெனில் நூலை முழுதாகப் படித்தவர்தான் அங்கே நிற்கிறார்.

மதிப்புரைகளை விலைக்கு வாங்குவதும் குடும்பத்தாரை எழுதச் சொல்வதும் அமேசானின் விதிகளுக்கு முரணானவை. கட்டண விளம்பரத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது: ஒரு பிரதிக்கு 70 அலகு (எந்த நாணயமானாலும்) உரிமைத்தொகை கிடைத்து, 20 பேர் சொடுக்கினால் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால், ஒரு சொடுக்குக்கு 3.50 அலகுக்கு மேல் கொடுப்பது நட்டமே. தொடர் வரிசையின் முதல் நூலுக்கு மட்டும், அடுத்த பாகங்களின் விற்பனையையும் சேர்த்துக் கணக்கிட்டு இந்த வரம்பைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.