பழைய கன்வெர்ட்டிபிள் வாங்கும்முன்: தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

கூரை திறக்கும் காரைப் பார்க்கப் போகிற யாரும் முதலில் செய்வது ஒன்றுதான். கூரையைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். சர்ரென்று மடங்கினால் முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் பானட்டைத் தூக்கி எஞ்சினுக்கு ஒரு பார்வை, பிறகு ஒரு சின்ன ரவுண்டு. காற்று தலைமுடியைக் கலைத்ததுமே பாதி பேரம் முடிந்த மாதிரிதான். நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் பிரமாதம், கூரை புதுசு. இரண்டு மாதம் கழித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால், அடியில் இருந்த பஞ்சு பிழிந்தால் ஒழுகும் அளவுக்கு ஊறிக் கிடந்தது. "மழையில் ஒரு சொட்டு உள்ளே வராது" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. கூரை வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் வந்தது வேறு வழியாக.

சின்ன கன்வெர்ட்டிபிள்களில் அதிகம் விற்ற மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்வோம். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. 2016இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. பழைய வண்டி தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது இதுதான். இதன் துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்விளிம்பில் உள்ள வாய்க்கால் போன்ற ஒரு பட்டையில் சேர்ந்து இரண்டு பக்கமும் ஓடும். சீட் பெல்ட் இருக்கும் தூணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு ஓட்டை. அதற்குள் இறங்கி, ஒரு குழாய் வழியாகப் பின் டயருக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் கொட்டிவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. இலைச் சருகும் தூசியும் சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால், தண்ணீர் நிரம்பி காருக்குள்ளேயே வழியும். கார்ப்பெட் நனைவது சின்ன விஷயம். கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி நீளமாக ஓடுகிறதே, ரன்னிங் போர்டு என்பார்கள், அதற்குள் தண்ணீர் இறங்கினால்தான் ஆபத்து. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளிருந்து துரு அரித்துக்கொண்டே வரும்.

சாதாரண காரில் இது அசிங்கம். கூரையில்லாத காரில் இது உயிர்நாடியையே அரிப்பது. மற்ற கார்களுக்கு மேலே இரும்புக் கூரை இருப்பதால் பாரத்தின் ஒரு பங்கை அது தாங்கும். இதற்கு மேலே ஒன்றுமில்லை. வண்டி வளையாமல் நிற்பதற்குத் தளமும் அந்த இரண்டு ரன்னிங் போர்டுகளும்தான் பொறுப்பு.

அதனால் பார்க்கப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அடியில் ஒழுக வேண்டும். ஒரு பக்கம் ஒழுகி இன்னொரு பக்கம் வராவிட்டால், அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு சீட்டை முன்னால் தள்ளி, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். மேல்பக்கம் காய்ந்திருக்கும், வெயிலில் ஒருநாள் வைத்தாலே காய்ந்துவிடும். அடிப்பஞ்சு அவ்வளவு சீக்கிரம் காயாது. மூக்கையும் கொஞ்சம் நம்புங்கள். புதிதாக வாசனைத் திரவியம் அடித்த கார் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பளபளப்பை நம்புவது

பின்சக்கரத்துக்கு முன்னால், ரன்னிங் போர்டு மட்கார்டு வளைவோடு சேரும் இடம்தான் எம்.எக்ஸ்-5இல் முதலில் அரிக்கும். பெயின்ட் அங்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால், உள்ளே துரு எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொப்புளமே இல்லாமல் அந்த இடம் மட்டும் புதிதாக மின்னினால் இன்னும் கவனம் வேண்டும். பட்டி பூசி பெயின்ட் அடிப்பது ஒருநாள் டிங்கரிங் வேலை. ஒரு மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், கனமான பட்டியில் வழுக்கும்.

இரண்டாம் தலைமுறை, அதாவது 1998 முதல் 2005 வரை வந்த வண்டிகளில், முன்பக்கம் எஞ்சினுக்கு இரு பக்கமும் ஓடும் சேஸிஸ் சட்டங்களும் உள்ளுக்குள் அரிக்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. லிஃப்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால், நான் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

கதவு இடுக்கும் கதை சொல்லும். கதவின் பின்விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி கீழே அகன்றிருந்தால், வண்டி நடுவில் தொய்கிறதா என்று பார்க்கவேண்டும். கதவுக் கீல் தேய்ந்தும் அப்படி ஆகலாம். கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் ஆட்டம் தெரியும். ஆட்டமே இல்லாமல் இடுக்கு கோணலாக இருந்தால்தான் கவலை.

மேடுபள்ளமான ரோட்டில் ஓட்டும்போது முன்கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் நடுங்குவது இந்த ரகத்துக்குச் சகஜம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மேலே கெட்டிக் கூரை மாட்டிய வண்டி

கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையோடு வரும் கார்களில் ஒரு தந்திரம் உண்டு. விற்பவர் வேண்டுமென்றே செய்கிறாரோ இல்லையோ, கெட்டிக் கூரை மாட்டியபடியே காட்டுவார். அதற்கு அடியில் துணிக்கூரை வருஷக்கணக்கில் மடங்கிக் கிடந்திருக்கும். பின்கண்ணாடி மடிந்த இடத்தில் வெடித்திருக்கலாம். துணியே சுருங்கி, முன்னால் இழுத்தாலும் கொக்கி எட்டாமல் நிற்கலாம். "தூக்க இரண்டு பேர் வேண்டும், இப்போது ஆள் இல்லை" என்றால், ஆள் இருக்கும் நாளில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மின்சாரத்தில் மடங்கும் இரும்புக் கூரை, அதாவது பியூஜோ 206 சிசி போன்றவை, வேறு ஜாதி. அவற்றில் ஹைட்ராலிக் பம்ப், சென்சார், டிக்கிக்குள் ஓடும் வயர் என்று பல இடங்களில் தொல்லை வரலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஓட்டி வந்த பிறகு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். ஒரு வேடிக்கை: இந்த ரகத்தில் பல கார்களில் டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரை சரியாக மாட்டியிராவிட்டால் கூரை அசையவே அசையாது. "கூரை வேலை செய்யாது" என்று சல்லிசாக விற்கப்படும் கார்களில் எங்கோ ஒன்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள்.

கிலோமீட்டர் குறைவு என்று மகிழ்வது

பத்து வருடத்தில் கொஞ்சமே ஓடிய கார் என்றால் நல்ல கார் என்று அர்த்தமில்லை. சும்மா நின்ற கார் என்றுதான் அர்த்தம். நிற்கும் காரில் பின்பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பர் இறுகும், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுக ஆரம்பிக்கும், டயர் கல்லாகும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடு, முழுசாக இருப்பதைக் காட்டி "புது டயர்" என்பார்கள். எண்ணைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். முதல் இரண்டு தலைமுறை எம்.எக்ஸ்-5க்கு சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடாத வண்டியிலும் ரப்பர் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். ரசீது இருந்தால் மாற்றியது, இல்லாவிட்டால் மாற்றாதது என்றே கணக்குப் போடுங்கள். 1989 முதல் 1991 வரை வந்த 1.6 லிட்டர் வண்டிகளில் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அவற்றின் கிராங்க் மூக்கு, அதாவது எஞ்சின் தண்டில் புல்லி மாட்டும் முன்முனை, கட்டையானது. பெல்ட் மாற்றும்போது புல்லி போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முறுக்காமல் விட்டால், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை ஆடி ஆடி கிராங்க்கே தேய்ந்துவிடும். புல்லியில் நான்கு துளை தெரிந்தால் கட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிறகு வந்த நீள மூக்கு. நல்ல கையில் இருந்த கட்டை மூக்கு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

எம்ஜி எஃப் என்ற இன்னொரு சின்ன கன்வெர்ட்டிபிளை வாங்குகிறவர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே அடியில் நீளக் குழாய்கள் ஓடும். அதன் கே-சீரிஸ் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, பெயர் கெட்டது. ஆயில் மூடிக்கு உள்ளே வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தாலோ கூலன்ட் மட்டம் குறைந்திருந்தாலோ, காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

சரி, நல்ல காராகவே பார்த்து வாங்கிவிட்டீர்கள். இப்போது கெடுக்கப்போவது நாம்தான்.

நனைந்த கூரையை மடிக்காதீர்கள். வேறு வழியில்லாமல் மடித்தால், வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மடிப்புக்குள் பூஞ்சை கரும்புள்ளியாகப் படியும், அது போகாது. பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் கூரையை இறக்கும்முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்துங்கள். குளிர் நேரத்தில் பிளாஸ்டிக் முறுகலாக இருக்கும். அப்போது மடித்தால் கோடு விழும், அப்புறம் கோடு கிழிசலாகும். அதைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு மென்மையான துணியால் ஒற்றுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிளாஸ்டிக்கை மங்கலாக்கிவிடும்.

அழுத்தமாகப் பீய்ச்சும் வாட்டர் வாஷைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தையலைப் பிரித்துவிடும், ரப்பருக்குள்ளும் புகுந்துவிடும். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் போதும். கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலைத் தடவினால் ரப்பர் உப்பிக் கூழாகும்.

முதல் இரண்டு தலைமுறை எம்.எக்ஸ்-5இல் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. கம்பெனி வைத்தது ஆவியைக் குழாய் வழியாக வெளியே விடும் சீல் செய்த ரகம். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்தால், அமில ஆவி டிக்கிக்குள்ளேயே சுற்றித் தளத்தை அரிக்கும். வாங்கும்போதே பேட்டரியை நகர்த்தி அடியில் பாருங்கள். பின்னால் மாற்றும்போதும் அதே ரகத்தைக் கேளுங்கள், குழாயை மறுபடி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஜாக்கி வைப்பதில் ஒரு வார்த்தை. ரன்னிங் போர்டின் அடிவிளிம்பில் கண்ட இடத்தில் டிராலி ஜாக்கியை வைத்தால் அந்த மடிப்பு நசுங்கும். நசுங்கினால் பெயின்ட் விரியும், அடுத்த மழையில் துருவுக்கு வாசல் திறந்தாயிற்று. கையேட்டில் காட்டிய இடம், நடுவே ஒரு ரப்பர் துண்டு. இதுதான் முறை.

நிறுத்தி வைக்கும்போது பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுப் பொத்தி வைப்பதைவிட சும்மா விடுவதே மேல். ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்றுப் போகும் துணி உறைதான் சரி. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் வேண்டாம். எஞ்சின் முழுசாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்; முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமலே விடுங்கள். அரைகுறையாகச் சூடாக்கினால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் மிச்சம்.

என் காரில் நடந்தது என்னவென்று சொல்லவில்லையே. ஓட்டை அடைத்திருக்கவில்லை. யாரோ முன்னொரு காலத்தில் அடைப்பெடுக்கக் கெட்டியான கம்பியை விட்டுக் குத்தியதில், உள்ளே குழாய் அதன் இடத்திலிருந்து கழன்றிருந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் தாராளமாக இறங்கியது, நேரே ரன்னிங் போர்டுக்குள். அன்றிலிருந்து கம்பிக்குப் பதில் வளையும் நைலான் நரம்புதான் விடுகிறேன், அதுவும் தடுக்கும் இடத்தில் தள்ளாமல். காற்றுக் குழாய் வைத்து ஊதினாலும் உள்ளே குழாய் இதேபோல் கழன்றுவிடலாம். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை, மற்றவர்கள் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் போதும். எந்தப் பக்கம் அடியில் ஒழுகவில்லையோ, அந்தப் பக்கத்துக் கார்ப்பெட்டை அன்றைக்கே தூக்கிவிடுங்கள்.