ரத்தம் உறையும் கேஸ்கேடை மனதில் நிறுத்த: கீழிருந்து மேலே வரையுங்கள்

ரத்தம் உறைய உதவும் பொருட்களுக்கு ஃபாக்டர் என்று பெயர், அவற்றை எண்களால் குறிப்பார்கள். ஒன்று அடுத்ததைத் தூண்டும் தொடர்தான் கேஸ்கேட். அதை "12, 11, 9, 8, 10" என்று மேலிருந்து ஒப்பிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் வரிசையைக் கேட்பதில்லை. "ஃபாக்டர் 9 இல்லாவிட்டால் எந்தப் பரிசோதனை நீளும்?" (அதாவது, எதில் ரத்தம் உறைய அதிக நேரம் எடுக்கும்) என்றுதான் கேட்பார்கள். அதற்குப் படம் தெரிந்திருக்க வேண்டும். ரத்தக்கட்டியிலிருந்து தொடங்கி, "இதை உண்டாக்கியது எது?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறும் முறையில்தான் எனக்கு இது நின்றது.

ஒரு வெற்றுத்தாளும் ஒரு பேனாவும் போதும். வண்ணப் பேனாக்கள் வேண்டாம். தேர்வில் அவற்றை எடுக்க நேரம் இருக்காது. ஃபிளாஷ் கார்டுகள் குறைபாட்டு நோய்களைப் படிக்க நல்லவை. இந்தப் படத்துக்கு அவை ஆகாது, அம்புக்குறிகளைத் துண்டுதுண்டாக்கிவிடும்.

படி 1: பொதுப்பாதை

இரண்டு கிளைகளும் வந்து சேரும் கடைசிப் பகுதி இது. தாளின் அடியில் ஃபைப்ரின் (ரத்தக்கட்டியின் இழை) என்று எழுதுங்கள். அது 1-இலிருந்து, அதாவது ஃபைப்ரினோஜனிலிருந்து வருகிறது. 1-ஐ வெட்டுவது த்ராம்பின், அதாவது தூண்டப்பட்ட (வெட்டப்பட்டு வேலைசெய்யும் நிலைக்கு வந்த) 2. அந்த 2-ஐ வெட்டுவது 10. 10-க்குத் துணை 5. 5 × 2 × 1 = 10, பொதுப்பாதை முழுவதும் இந்தப் பெருக்கலில் அடங்கிவிட்டது. ஃபைப்ரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் 13-ஐ அடியில் ஓரமாக எழுதிவிடுங்கள்.

படி 2: இரண்டு கிளைகள்

10-க்கு வலப்புறம் எக்ஸ்ட்ரின்சிக் (வெளிப்பாதை): 7 மட்டும், பக்கத்தில் திசுக்களில் இருக்கும் டிஷ்யூ ஃபாக்டர் (அதுதான் 3). இடப்புறம் இன்ட்ரின்சிக் (உட்பாதை): 9, அதன் மேல் 11, அதன் மேல் 12.

படி 3: 8 எங்கே?

நெடுநாள் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். "9, 8, 10" என்று ஒப்பித்தால் 9 போய் 8-ஐத் தூண்டுகிறது, 8 போய் 10-ஐத் தூண்டுகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. 10-ஐ வெட்டுவது 9. 8 எதையும் வெட்டாது. அது நொதியே அல்ல. 9 கத்தரி என்றால், 8 தாளை அசையாமல் பிடித்துக்கொடுக்கும் கை. 5-உம் அப்படியே. அந்தக் கை இல்லாவிட்டால் வெட்டும் வேகம் பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடும். அதனால்தான் ரத்தக்கசிவு நோய்களான ஹீமோஃபிலியா ஏ-யும் (8 குறைவு) ஹீமோஃபிலியா பி-யும் (9 குறைவு) நோயாளியிடம் ஒரே மாதிரி தெரிகின்றன: இரண்டும் ஒரே ஜோடியைத்தான் உடைக்கின்றன.

எனவே 8-ஐயும் 5-ஐயும் செங்குத்து வரிசையில் எழுதாதீர்கள். பக்கவாட்டில் வட்டமிட்டு எழுதுங்கள். நினைவில் வைக்க வேண்டிய ஜோடிகள் மூன்றுதான்: 7–3, 9–8, 10–5. மூன்றும் பாஸ்போலிப்பிட் (கொழுப்புப் படலப்) பரப்பின்மேல், கால்சியத்தின் (4) உதவியோடு வேலை செய்கின்றன. 6-ஐத் தேட வேண்டாம். அந்த எண் கொடுக்கப்பட்டது தூண்டப்பட்ட 5-க்குத்தான் என்று பிறகு தெரிந்து, அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

சரி, 8-ஐத் தூண்டுவது யார்? த்ராம்பின். த்ராம்பினிலிருந்து மேல்நோக்கி 5, 8, 11-க்கு மூன்று அம்புகள் போடுங்கள். கொஞ்சம் த்ராம்பின் உருவானதும் அது தன் உற்பத்தியைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

படி 4: பரிசோதனைகள்

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பரிசோதனைகள் இரண்டு: பிடி (PT), ஏபிடிடி (aPTT). பிடி சின்னப் பெயர், சின்னக் கிளை: 7. ஏபிடிடி நீளப் பெயர், நீளக் கிளை: 12, 11, 9, 8. இரண்டும் நீண்டால் பொதுப்பாதையைப் பாருங்கள், அல்லது பல ஃபாக்டர்கள் சேர்ந்து குறைந்திருக்கின்றன.

படி 5: வைட்டமின் கே

2, 7, 9, 10-க்கு அடிக்கோடிடுங்கள், இவை உருவாக வைட்டமின் கே வேண்டும். நான்கும் வெட்டும் நொதிகள் என்பதைக் கவனியுங்கள். துணைகளான 5, 8 இதில் இல்லை. இவற்றில் 7-தான் மிகச் சீக்கிரம் தீர்ந்துபோவது. ஆகவே வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் கொடுத்தால் முதலில் நீள்வது பிடி. 5 கல்லீரலில் உருவாகிறது, ஆனால் அதற்கு வைட்டமின் கே தேவையில்லை. 7-உம் 5-உம் சேர்ந்து குறைந்திருந்தால் கல்லீரலைச் சந்தேகியுங்கள். ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி, எஸ் இரண்டுக்கும் வைட்டமின் கே வேண்டும், ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்க்காமல் முழுதாக வரைய வந்த பிறகு, ஏதேனும் ஓர் எண்ணை அடித்துவிட்டு, எந்தப் பரிசோதனை நீளும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

இந்த முறையில் படித்தவர்களில் பலர் வந்து நின்ற இடம் 12. உச்சியில் இருப்பது இல்லாவிட்டால் ரத்தக்கசிவு கடுமையாக இருக்க வேண்டுமே? இல்லை. ஏபிடிடி மிக நீளும், ஆனால் நோயாளிக்குக் கசிவு இருக்காது. ஹேகமன் என்ற நோயாளியிடம்தான் இந்தக் குறை முதலில் கண்டறியப்பட்டது. 1955-இல் அதுபற்றி எழுதினார்கள். அவர் 1968-இல் இறந்தது ரத்தக்கசிவால் அல்ல, நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டியால். 1964-இல் வெளியான கேஸ்கேட் படம் பெரும்பாலும் சோதனைக்குழாயில் நடப்பதைக் காட்டுவது. உடலுக்குள் தொடக்கம் டிஷ்யூ ஃபாக்டர்–7 ஜோடிதான். அது 10-ஐ மட்டுமல்ல, 9-ஐயும் தூண்டும். 11-க்கோ த்ராம்பினின் அம்பு இருக்கிறது. 7-இலிருந்து 9-க்கு ஒரு குறுக்கு அம்பு போட்டுவிட்டால் 12 இல்லாமலே படம் ஓடும்.

13-க்கு இதன் நேர்மாறு. பிடி, ஏபிடிடி இரண்டும் சரியாகவே இருக்கும், ஆனால் கசிவு இருக்கும். ஏனென்றால் இரண்டு பரிசோதனைகளும் ஃபைப்ரின் உருவானதுமே முடிந்துவிடுகின்றன. பிணைப்பு அதற்குப் பிறகு நடப்பது. அதைப் பார்க்க, கட்டியை யூரியா கரைசலில் போட்டுக் கரைகிறதா என்று பார்ப்பார்கள்.