ஆறாவது செமஸ்டர் எலக்டிவ்: நாலு பேப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்டத்தில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு மொத்தம் ஆறு புரொஃபஷனல் எலக்டிவ், அதாவது மாணவரே தேர்ந்தெடுக்கும் துறைப் பாடங்கள். ஐந்தாவது செமஸ்டரில் இரண்டு முடிந்துவிடும். மீதி நாலும் ஆறாவது செமஸ்டரில் ஒன்றாக வந்து விழும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் வரும். நாளை சாயங்காலத்துக்குள் நிரப்பச் சொல்வார்கள். அன்று உட்கார்ந்து யோசித்தால் பக்கத்து பெஞ்ச் எழுதியதைத்தான் எழுதுவீர்கள். சிலபஸ் பிடிஎஃப் கையில் இருக்கும்போது ஐந்தாவது செமஸ்டர் நடுவிலேயே இதை முடித்துவிடலாம். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடப் பட்டியலும் விதிகளும் மாறும், ஆனால் கணக்குப் போடும் விதம் ஏறக்குறைய இதேதான்.

முதலில் பலர் தடுக்கி விழும் இடம். எலக்டிவ்கள் பட்டியலில் ஏழு வெர்டிகலாக, அதாவது ஒரு பிரிவுக்கு ஒரு நெடுக்கு வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா, எமெர்ஜிங் டெக்னாலஜீஸ், ஏஐ–எம்எல். ஒரே வெர்டிகலில் ஆறையும் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். ஆனால் பட்டியலின் ஒரு குறுக்கு வரிசையிலிருந்து ஒரு செமஸ்டரில் ஒரு பாடம்தான் எடுக்க முடியும். வெப் டெக்னாலஜீஸ், கிளவுட் கம்ப்யூட்டிங், எத்திக்கல் ஹேக்கிங் மூன்றும் முதல் வரிசையில் இருக்கின்றன. வெப் டெக்னாலஜீஸை ஐந்தாவதில் எடுத்தவர் கிளவுட் கம்ப்யூட்டிங்கை ஆறாவதில் எடுக்கலாம். இரண்டையும் ஆறாவதுக்குத் தள்ளி வைத்தவருக்கு ஒன்று போச்சு. அதனால் ஐந்தாவது செமஸ்டர் ஃபார்மை நிரப்பும்போதே ஆறு பாடத்தையும் ஒரு தாளில் எழுதி, எதிரே வரிசை எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வேலைப் பளு. பாடத்தின் பெயருக்கு எதிரே நாலு எண் இருக்கும்: லெக்சர், டுடோரியல், பிராக்டிகல், கிரெடிட். எலக்டிவ்களில் பெரும்பாலானவை 2-0-2-3. அதாவது 30 பீரியட் தியரி, 30 பீரியட் லேப், மொத்தம் 60. அதே செமஸ்டரில் கட்டாயமாக வரும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், எம்பெடெட் சிஸ்டம்ஸ் அண்ட் ஐஓடி இரண்டும் 3-0-2-4. அவற்றிலும் லேப் உண்டு. நாலு எலக்டிவும் லேப் உள்ளதாக அமைந்தால் ஆறு ரெக்கார்டு, ஆறு வைவா. வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் பல இடங்களில் ஏழாவது செமஸ்டர் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், ஆப்டிட்யூடும் கோடிங்கும் தயார் செய்ய வேண்டிய நேரமும் இதுவே. ஆகவே நாலில் குறைந்தது இரண்டு ஏற்கெனவே தெரிந்த கருவிகளில் ஓடுவதாக இருக்கட்டும்.

பாடத்தின் பெயரைப் பார்க்காமல் ஐந்து யூனிட்டையும் படியுங்கள், குறிப்பாக நாலாவதையும் ஐந்தாவதையும். முதல் யூனிட் எந்தப் பாடத்திலும் அறிமுகம்தான், ஏமாற்றும். வினாத்தாளில் பார்ட் ஏ பத்து இரண்டு மார்க், பார்ட் பி யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து 13 மார்க், பார்ட் சி ஒரு 15 மார்க். ஒரு யூனிட்டைக் கைவிட்டால் இரண்டு மார்க் கேள்வி இரண்டுக்கு 4-உம் பார்ட் பி-யில் 13-உம் சேர்ந்து 17 போகும். இரண்டைக் கைவிட்டால் 34. பார்ட் சி-யும் அந்த யூனிட்டுகளிலிருந்து வந்துவிட்டால் 49. தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். மீதி இருக்கும் 51-இல் 45 எடுக்க வேண்டிய நிலை. அரியர் பெரும்பாலும் பிறக்கும் இடம் இது. படித்துப் பார்த்து ஒரு யூனிட் புரியவில்லை என்றால் எடுக்கலாம். இரண்டு புரியவில்லை என்றால் வேறு பாடம் பாருங்கள்.

நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங்கைக் கூட்டத்தோடு கூட்டமாக எடுக்கும் பழக்கம் இருக்கிறது. அதற்கு வேண்டிய மேட்ரிக்ஸும் டெரிவேட்டிவும் முதல் செமஸ்டரில் படித்தவை, ஆறாவதுக்குள் மறந்திருக்கும். ஒரு சின்னச் சோதனை: 2, 1, 0 என்ற மூன்று எண்ணுக்கு கால்குலேட்டரில் சாஃப்ட்மேக்ஸ் (எண்களைக் கூட்டினால் 1 வரும் நிகழ்தகவுகளாக மாற்றும் சூத்திரம்) போடுங்கள். 0.665, 0.245, 0.090 வர வேண்டும். பிறகு ஒரே ஒரு மறைவு அடுக்கு உள்ள நெட்வொர்க்குக்கு செயின் ரூல் வைத்து ஒரு வெயிட்டின் கிரேடியன்டைத் தாளில் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்தால் தைரியமாக எடுக்கலாம். முடியாவிட்டால் செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் கணக்குக்கு ஒதுக்கிவிட்டு எடுங்கள். லேப்டாப்பில் ஜிபியு இல்லை என்பது தடையே அல்ல, லேப் பயிற்சிகளுக்கு பிரவுசரிலேயே கோடு ஓட்டும் கூகுள் கோலாப் போதும்.

நாலு பாடமும் ஒன்றுக்கொன்று கை கொடுக்க வேண்டும். ஐந்தாவதில் வெப் டெக்னாலஜீஸும் ஆப் டெவலப்மென்டும் எடுத்தவருக்கு ஆறாவதில் யுஐ–யுஎக்ஸ் டிசைன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் அண்ட் ஆட்டோமேஷன், வெப் அப்ளிகேஷன் செக்யூரிட்டி, டெவ்ஆப்ஸ் நல்ல கூட்டு. நாலும் வேறு வேறு வரிசை. ஐந்தாவதில் எழுதிய அதே வெப்சைட்டை எடுத்து, முகப்பை மாற்றி, டெஸ்ட் எழுதி, ஓட்டை தேடி, ஜென்கின்ஸ் என்ற ஆட்டோமேஷன் கருவியில் ஏற்றினால் நாலு லேபுக்கும் அதுவே மூலப்பொருள். எட்டாவது செமஸ்டர் புராஜெக்டுக்கும் அஸ்திவாரம் விழுந்துவிடும். நேர்காணலில் அதைப் பற்றி இருபது நிமிடம் பேசலாம்.

எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளுக்கு வேண்டியவை எல்லாம் கோர் பாடங்களிலேயே வந்துவிடுகின்றன. எலக்டிவால் அதில் மார்க் கூடப்போவதில்லை, லேசான பாடங்களை எடுத்து நேரத்தை மிச்சம் பிடியுங்கள். 2024 முதல் நடக்கும் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ தாளை எழுதுபவர்களுக்கு மட்டும் எம்எல் பக்க எலக்டிவ்கள் உதவும்.

ஐஐடி-கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் படிப்பை எலக்டிவுக்குப் பதிலாகக் காட்ட நினைத்தால் 12 வாரப் படிப்பாகப் பாருங்கள், அதற்குத்தான் 3 கிரெடிட். 8 வாரத்துக்கு 2 தான். 3 கிரெடிட் எலக்டிவுக்கு ஈடாகாது. அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். பணம் கட்டும் முன் துறைத் தலைவரான ஹெச்ஓடி-யிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும்.

ஓபன் எலக்டிவில் ஒன்று ஆறாவதில், மூன்று ஏழாவதில். இவை வேறு துறைப் பாடங்கள். ஏழாவதில் நேர்காணலுக்கு அலைவீர்கள், வருகைப்பதிவோ 75 சதவீதம் வேண்டும். லேப் இல்லாத பாடமாக, பழைய வினாத்தாள் கிடைப்பதாகப் பார்த்துப் போட்டால் போதும்.

ஃபார்மில் நாலு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். போதிய ஆள் சேராத பாடத்தைத் துறை திறக்காது; நடத்த ஆசிரியர் இல்லாததையும் திறக்காது. போன வருஷம் எவை நடந்தன, யார் நடத்தினார் என்று சீனியரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடம் எழுதி வையுங்கள். மாற்றுப் பாடத்தின் வரிசை எண்ணும் மற்ற மூன்றோடு மோதாமல் இருக்க வேண்டும். அரிதான பாடம் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் ஃபார்ம் வருவதற்கு முன்பே வகுப்பில் ஆள் திரட்டி, பெயர்ப் பட்டியலோடு ஹெச்ஓடி-யைப் பாருங்கள். ஃபார்ம் மூடியபிறகு போனால் டைம்டேபிள் போட்டாயிற்று என்பார்கள்.