மிளகாய் விதையைக் காப்பாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

விதையை டப்பாவில் போட்டு மூடிவிட்டால் ரகம் பத்திரம் என்று நினைக்கிறோம். டப்பாவுக்குள் போனது அந்த ரகம்தானா?

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். அதனால்தான், பக்கத்தில் எதை நட்டால் என்ன என்ற அலட்சியம் வருகிறது. தேனீ சும்மா இருக்குமா? இடத்தைப் பொறுத்து, கலப்பு சொற்பமாகவும் இருக்கலாம், பாதிக்கு மேலும் போகலாம். இதில் ஏமாற்று என்னவென்றால், கலந்தது இந்த வருடக் காயில் தெரியாது. காயின் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு விதைக்குள் இருக்கிறது. அடுத்த பருவத்தில் குடைமிளகாய் விதைத்த இடத்தில் காரமாகக் காய்க்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இதற்கு ஒரு வலைத்துணிப் பை போதும். நாளை விரியப்போகிற, உப்பிய மொட்டுகள் உள்ள கிளையாகப் பாருங்கள். விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டுப் பையை மாட்டுங்கள். காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூல் கட்டுங்கள். நூலில்லாத காய் குழம்புக்கு.

அதைவிடப் பெரிய தவறு, நன்றாகக் காய்த்த ஒரே செடியிலிருந்து விதை எடுப்பது. நாட்டு ரகத்தில் ஒரு செடி முந்திக் காய்க்கும், ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று சுமாராகத்தான் இருக்கும். அந்தக் கலவைதான் ரகம். குறைந்தது 20, 30 செடிகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு எடுங்கள். இலை சுருண்டு தேமல் விழுந்த செடி மட்டும் வேண்டாம்; சில வைரஸ்கள் விதையோடு வரும்.

மனிதர்கள் பயிராக்கிய மிளகாய் இனங்கள் 5. பலரும் சேர்த்து வைப்பதோ ஆன்னுவம் இனத்தை மட்டும்தான். ஊதாப் பூவும் கறுப்பு விதையும் உள்ள ப்யூபெசென்ஸ் கைக்கு வந்தால், விதை கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். (சைனென்ஸ் இனத்துக்கும் சீனாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, 1776இல் தவறாக வைத்த பெயர். ஐந்துக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான்.)

வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுப்பது வீண்வேலை; தாயைப் போல வராது.

அப்புறம் உலர்த்தல். முழுதாகப் பழுத்த பழத்தின் விதையை நிழலில் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். ரகத்தின் பெயர், வருடம் எழுதி, காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறக்காதீர்கள், விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி வெளியே இருக்கட்டும்.