பக்கச் சக்கர ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்களா?

கால் பலம் குறைந்தவர்களுக்கு, இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பெரிய துணை. பெங்களூரு அல்சூர், சிவாஜிநகர் சந்துகளில் ஓட்டுவதென்றால் முதலில் வண்டியின் அகலத்தைப் பாருங்கள். வீட்டு கேட்டையும் அளந்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் முதுகுச் சாய்மானத்தை முன்தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். ஊன்றுகோல் மாட்ட ஒரு கிளிப்பும் கேளுங்கள்.

சாதாரண ஸ்கூட்டர் போல இந்த வண்டி திரும்பும்போது சாயாது, அதை மட்டும் மறக்காதீர்கள். வளைவில் உடம்பைச் சாய்த்தால் போதாது, ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்; காலி மைதானத்தில் நன்றாகப் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். நடுச்சக்கரம் தப்பிய பள்ளத்தில் பக்கச் சக்கரம் இறங்கும்.

அப்புறம், பக்கச் சக்கரம் பொருத்திய இந்த மாற்றத்தை ஆர்டிஓ மூலம் ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றிதழில்) கட்டாயம் பதிய வையுங்கள்.